முத்திரை உடையாத இருபத்துநாலாம் இதழ்

பதுளையில் பாணுக்கு, அதுதான் பேக்கரி ரொட்டிக்கு, வரிசை நின்ற காலம் அது. விடியுமுன்பே கூப்பன் புத்தகத்தோடு சனம் கூட்டுறவுக் கடை வாசலில் குந்தியிருக்கும். அதே ஊரில், அதே வருடத்தில், மீசை முளைத்து அது நரைக்கவும் தொடங்கிவிட்ட நாற்பத்து மூன்று ஆண்கள், பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள தேத்தண்ணிக் கடையின் மேல்மாடியில் கூடி, பழைய சித்திரக்கதைப் புத்தகங்களை மோந்து பார்த்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தோம். அதற்கு மாநாடு என்று பெயர் வேறு. 'ஊவா மாகாண சித்திரக்கதை அபிமானிகள் மாநாடு' என்று வெள்ளைத் துணியில் நீல எழுத்தில் எழுதிக் கட்டியிருந்தோம். துணி என் உபயம். எலி கடித்து விற்க முடியாமல் கிடந்ததை இலக்கியத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

என் பெயர் ஸரூக். பஸார் வீதியில் கம்பளியும் குடையும் விற்கிற கடை என்னுடையது. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியப் பத்திரிகைகள் வருவதற்குக் கட்டுப்பாடு வந்தது. அதுவரை மாதம் இரண்டு தடவை மெட்ராஸிலிருந்து கப்பலேறி வந்துகொண்டிருந்த சித்திரக்கதைகள் ஒரேயடியாக நின்றன. அரிசி குறைந்தபோது வாய் திறக்காத நான், சீனி குறைந்தபோது "எல்லாருக்கும் வந்தது நமக்கும்" என்று சமாளித்த நான், அன்றைக்குத்தான் அரசாங்கத்தைத் திட்டினேன். அதற்குக் காரணம் 'மரகதக் கப்பல்'.

'மரகதக் கப்பல்' இருபத்து நான்கு இதழ்களில் முடிய வேண்டிய தொடர்கதை. நடுக்கடலில் கப்பலின் அடித்தட்டில் யாரோ ஒருவன் ஓட்டை போட்டுவிடுகிறான். யார் அவன் என்பதுதான் கதை. இருபத்து மூன்றாம் இதழில் தண்ணீர் காப்டன் வீரகேதுவின் கழுத்துவரை வந்துவிட்டது. அத்தோடு கட்டுப்பாடும் வந்துவிட்டது. மூன்று வருடமாக அந்த மனிதன் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறான், ஊவா மாகாணம் கரையில் நின்று தகராறு பண்ணுகிறது. ஓட்டை போட்டவன் சமையல்காரன் என்று ஒரு கட்சி, கப்பல் டாக்டர் என்று மறு கட்சி. பண்டாரவளைக்காரர்கள் மொத்தமாக டாக்டர் கட்சி. அப்புத்தளையில் இரண்டு சகோதரர்கள் இதனால் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். காணித் தகராறு என்று வெளியில் சொல்லிக்கொண்டார்கள், மானத்துக்குப் பயந்து.

அந்த இருபத்துநாலாம் இதழ் இலங்கையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது என்று நாங்கள் நம்பினோம். இராமேஸ்வரம் போய்வந்த ஒருவரின் பெட்டியில் அது வந்து, வெலிமடைச் சலூன்காரர் ஒருவரிடம் போய், பண்டாரவளை பேக்கரி முதலாளியிடம் மாறி, கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்தது. அதைப் போட்ட மகராசன் ஒரு வேலை செய்திருந்தான். கடைசி எட்டுப் பக்கங்களைச் சேர்த்து, சிவப்புக் கடதாசிப் பட்டி ஒன்றால் சுற்றி ஒட்டி, 'உடைத்துப் படியுங்கள்' என்று அச்சடித்திருந்தான். படிக்கத்தான் அப்படிச் சொன்னான். நாங்கள் யாராவது படிப்போமா? முத்திரை உடைந்தால் மதிப்புப் போய்விடும் அல்லவா? மூன்று பேர் கைமாறி என்னிடம் வந்தபோதும் பட்டி அப்படியே இருந்தது. மூன்று பேரும் கதை முடிவு தெரியாமல் துடித்துக்கொண்டு, கதை முடிவைக் கையில் வைத்திருந்து, விற்றிருக்கிறார்கள். நான் நான்காவது முட்டாள்.

எங்கள் மாநாட்டுக்கென்று சட்டங்கள் உண்டு. இயற்றியவர் லத்தீப் மாஸ்டர், கணக்குப் படிப்பிக்கிற வாத்தியார். ஒரு புத்தகத்தை வாங்க வருபவன் பக்கங்கள் சரியாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கலாம், படிக்கக் கூடாது. அதனால் முகட்டைப் பார்த்துக்கொண்டு பெருவிரலால் எண்ண வேண்டும். கண் கீழே இறங்கினால் மாஸ்டர் கோடு போடுகிற அடிமட்டத்தால் மேசையில் தட்டுவார். இரண்டாவது சட்டம் சத்தியச் சட்டம். இரண்டு வருடத்துக்கு முந்திய மாநாட்டில் ஒருவன் துப்பறியும் கதை ஒன்றை விற்று, மாற்றுப் புத்தகங்களை வாங்கி அக்குளில் வைத்துக்கொண்ட பிறகு, படியிறங்கும்போது கொலைகாரனின் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு என் கடைக் குடைகள் இரண்டு அவன் முதுகில் முறிந்தன. அதிலிருந்து, முத்திரை உடையாத பிரதியை விற்பவன் 'நான் இதைப் படிக்கவும் இல்லை, முடிவை யார் வாயாலும் கேட்கவும் இல்லை, எழுத்தில் அறியவும் இல்லை' என்று தன் தன் மார்க்கப்படி சத்தியம் பண்ண வேண்டும். கோவிலுக்குப் போகிறவர் கற்பூரத்தில், நாங்கள் அல்லாஹ்வின் மேல் ஆணையாக 'வல்லாஹி' என்று.

நான் ஒன்றும் பெரிய பக்திமான் இல்லை. விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு என்னை எழுப்ப என் மனைவி ஹம்ஸியா தலையணையைப் பிடித்து இழுக்க வேண்டும். ஆனால் பொய்ச் சத்தியம் மட்டும் செய்யமாட்டேன். கம்பளி விற்கும்போது நூறு பொய் சொல்வேன், அதில் சத்தியம் இல்லை. இந்த ஒரு நேர்மை எனக்கு இருந்தது. அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

மாநாட்டில் புத்தகம் படிக்கிற ஆள் ஒரேயொருவன் இருந்தான். கந்தப்பன். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை ஸ்டோரில் வேலை. முதன்முதல் கம்பளி வாங்க வந்தவன், மேசைக்கடியில் நான் மறைத்து வைத்திருந்த சித்திரக்கதைக் கட்டைக் கண்டுவிட்டான். அன்றிலிருந்து சம்பளத்துக்கு அடுத்த நாள் தவறாமல் வந்து, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி என்னை 'நானா' என்று கூப்பிட்டுக்கொண்டு, என் கடைப் பின்னறையில் கம்பளிக் கட்டின் மேல் உட்கார்ந்து படிப்பான். அவனிடம் சொந்தமாக ஒரு புத்தகம்கூடக் கிடையாது. ஆனால் எந்த இதழில் எந்தப் பக்கத்தில் யார் என்ன சொன்னான் என்று கேட்டால் அப்படியே ஒப்பிப்பான். எங்கள் அபிமானிகளுக்கு அவனைக் கண்டால் இளக்காரம். கையில் புத்தகம் இல்லாதவனுக்கு மாநாட்டில் என்ன வேலை என்று கேட்பார்கள். புத்தகம் இருக்கிற நாற்பத்து மூன்று பேருக்கும் கதையில் சந்தேகம் வந்தால் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

இருபத்துநாலாம் இதழை அவனுக்குக் காட்டிய அன்று அவன் விரல் நேரே சிவப்புப் பட்டிக்குத்தான் போனது.

"ஒடச்சுப் படிப்போம் நானா. எட்டுப் பக்கந்தானே, ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும்."

"உனக்கென்ன பைத்தியமா? எடு கைய!" என்று பிடுங்கிக்கொண்டேன்.

அவன் கோபிக்கவில்லை. "பொஸ்தகத்த இப்பிடிப் பூட்டி வச்சா அந்தக் காப்டன் செத்தே போயிருவான் நானா" என்று சிரித்தான்.

எழுபத்து நாலாம் ஆண்டு கடைசியில் கந்தப்பனின் குடும்பத்துக்கு இந்தியா போகக் கடவுச்சீட்டு வந்தது. தாயகம் திரும்புகிறார்கள் என்று கடதாசியில் எழுதியிருந்தது. அவன் பிறந்தது தோட்டத்து லயத்தில், வரிசை அறைகளில் ஏழாவதான காம்பராவில். அவன் அப்பன் பிறந்தது அதற்குப் பக்கத்துக் காம்பராவில். இலங்கை, இந்தியா என்ற இரண்டு அரசாங்கங்கள் மேசையில் உட்கார்ந்து, அவன் ஒருநாளும் கண்டிராத ஊருக்கு அவனைத் திரும்பச் சொன்னன. பதுளை ஸ்டேஷனில் அவன் மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அங்க போனதும் முடிவப் படிச்சிட்டு எனக்கு மட்டும் எழுதிறாத."

"அதான் மொத வேல நானா!" என்றான் அவன், அழுகையை விழுங்கிச் சிரித்துக்கொண்டு. "அங்க எல்லாப் பெட்டிக் கடையிலயும் பழைய பொஸ்தகம் தொங்குமாம். படிச்ச ஒடனே ஒங்களுக்குத்தான் கடுதாசி. ஒங்க முத்திரைய நான் கடல் தாண்டி இருந்தே ஒடைக்கிறேன் பாருங்க."

அவனுடைய தங்கை பாக்கியலெட்சுமி அன்றைக்குப் போகவில்லை. அவள் புருஷன் மண்சரிவில் செத்தவன். அந்தப் புருஷன் வீட்டாரோடு அவள் பெயர் பதிவாகியிருந்ததால் அவளுடைய கடவுச்சீட்டு தனியாகத்தான் வருமாம். இரண்டு வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரயில் கோச்சி வளைவில் மறையும்வரை நின்றாள். "அவ பொறப்படுறப்ப கொஞ்சம் பாத்துக்குங்க நானா" என்று கந்தப்பன் என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். தலையாட்டினேன்.

இங்கே தபால் விஷயத்தைச் சொல்ல வேண்டும். தோட்டத்து லயங்களுக்கு வரும் கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகும். கந்தப்பனின் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர் சிவஞானம். அவர் மேசைக்குப் போன கடிதம் அவருக்கு மனம் வந்த அன்றுதான் வெளியே வரும், மனம் அடிக்கடி வராது. அதனால் தோட்டத்துச் சனம் டவுன் கடைகளின் விலாசத்தைத்தான் கொடுத்து வைக்கும். என் கடையில் அதற்கென்றே ஒரு பிஸ்கட் டின். கொழுந்தெடுக்கிறவர்கள் சந்தைக்கு வரும்போது எடுத்துக் கொடுப்பேன், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டுவேன். ஒருவருடைய கடிதத்தையாவது ஒரு நாள் பிந்திக் கொடுத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. இதிலும் எனக்குக் கர்வம்தான்.

அதே சிவஞானம் எங்கள் மாநாட்டின் மிகப் பெரிய புள்ளி. ஆபீசில் கடிதம் தொலையும், வீட்டில் ஒரு சித்திரக்கதைகூடத் தொலையாது. அதே மெட்ராஸ் கம்பெனி ஆரம்பத்தில் போட்ட சித்திரக்கதைகளில் முதல் அறுபது இதழ்களும் அட்டை மடியாமல், பூச்சி உருண்டை போட்ட தகரப் பெட்டியில் அவரிடம் இருந்தன. தை மாதம் அவர் ஆளனுப்பினார்; எங்கள் பக்கத்தில் தை என்றால் ஜனவரி, பங்குனி என்றால் மார்ச். சித்திரை மாநாட்டில் என் இருபத்துநாலாம் இதழுக்கு அந்த அறுபதையும் பெட்டியோடு தருகிறாராம், முத்திரை உடையாமல் இருந்தால், சத்தியமும் சுத்தமாக இருந்தால். ஹம்ஸியா மூன்றாவது பிள்ளையைப் பெற்றுக் கொடுத்தபோது இருந்ததைவிட அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

மாசி மாதக் கடைசியில் கந்தப்பனின் கடிதம் வந்தது.

இந்திய முத்திரை, அவனுடைய குண்டு எழுத்து, என் பெயருக்கு. உறையின் மூலையில் 'அவசரம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். முடிவைப் படித்துவிட்டான் படுபாவி, அதைச் சொல்லாமல் அவனால் ஒரு நிமிஷம் இருக்க முடியவில்லை! அந்தக் கடிதத்தை நான் பிரித்தால் முடிவை 'எழுத்தில் அறிந்தவன்' ஆகிவிடுவேன். பிறகு எந்த வாயால் வல்லாஹி சொல்வது? அறுபது இதழ்கள் போய்விடும். ஆகவே நேர்மையான மனிதனாகிய நான் அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் கல்லாப் பெட்டியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினேன்.

ஹம்ஸியா பார்த்துவிட்டாள். "அந்தக் கடிதத்த ஒடச்சுப் பாருங்களேன்."

"அதுல கதைட முடிவு ஈக்கி. மாநாடு முடிய ஒடைக்கிறேன்."

"கதைய எழுதுறத்துக்கு ஆராச்சும் அவசரம் எண்டு போடுவாங்களா?"

"உனக்குக் கந்தப்பனத் தெரியா" என்றேன்.

"உங்கள எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். "நான் வாசிச்சுப் பாக்குறேன், உங்களுக்குச் சொல்லமாட்டேன்" என்றும் ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தே முடிவு தெரிந்துவிடும் என்று மறுத்துவிட்டேன். அவ்வளவு முன்யோசனை எனக்கு.

பங்குனி நடுவில் பாக்கியலெட்சுமிக்குக் கடவுச்சீட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைக் கோச்சி. வாக்குக் கொடுத்தவன் அல்லவா, ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், இடுப்பில் பிள்ளை. தோட்டத்திலிருந்து கூட வந்த இரண்டு பெண்கள் மூலையில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கொடுத்துவிட்டுப் போன விலாசக் கடதாசி மழையில் நனைந்து மை கரைந்திருந்தது. கூடலூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயர். கந்தப்பனுக்கு அங்கேதான் வேலை என்று போகுமுன்பே எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, புதுக் கடதாசியில், முத்து முத்தான எழுத்தில், அந்த விலாசத்தைத் திரும்ப எழுதிக் கொடுத்தேன். எங்கே எந்தக் கோச்சி மாறுவது, தலைமன்னாரில் எந்தப் பக்கம் போவது, அக்கரையில் மண்டபம் கேம்பில் என்ன கேட்பார்கள், எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். பிஸ்கட் பக்கட் ஒன்றும் கொடுத்தேன்.

அவள் கடதாசியை முந்தானையில் முடிந்துகொண்டு கேட்டாள்:

"அண்ணன்கிட்டயிருந்து ஒரு கடுதாசியும் வரலீங்களா மொதலாளி?"

"வந்திச்சு வந்திச்சு" என்றேன். "கத முடிவ எழுதியிருப்பான். நான் ஒடைக்கல்ல. கடையில ஈக்கி."

"எங்களப் பத்தி ஒண்ணும் எழுதியிருக்க மாட்டாருங்களா?"

"உன்ட அண்ணனுக்குக் காப்டன் வீரகேதுவ விட்டா வேற ஆரு நெனவு வரும்?"

அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு, என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். "பிரிச்சுப் பாத்திருக்கலாங்களே" என்று மெதுவாகச் சொன்னாள். கடை ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடை. கோச்சி புறப்பட ஐந்து நிமிஷம்தான் இருந்தது. "நேரமில்லம்மா" என்றேன். அது பொய்யில்லை. அதற்கு முந்திய பதினெட்டு நாளும் எனக்கு நேரம் இருந்ததைத்தான் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். பிள்ளை பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே எனக்குக் கையாட்டியது. அண்ணனைக் கண்டால் சலாம் சொல்லச் சொன்னேன்.

சித்திரை முதல் ஞாயிறு மாநாடு. மழை. தேத்தண்ணிக் கடையின் மேல்மாடியில் பாய்களை விரித்து, புத்தகங்களைப் பரப்பி, நாற்பத்து மூன்று பேரும் முகட்டைப் பார்த்துக்கொண்டு பெருவிரலால் எண்ணினோம். வெளியிலிருந்து புதிதாக ஒருவன் படியேறி வந்திருந்தால் ஏதோ புது மாதிரி ஜெபம் நடக்கிறது என்று நினைத்திருப்பான். எல்ல என்கிற ஊரிலிருந்து வந்த ஒருவர் கரப்பான் கடித்த அட்டையை 'காலத்தின் சுவடு' என்று சொல்லி விற்கப் பார்த்தார். வெலிமடைக்காரர் அட்டையை மோந்துவிட்டு, இது மண்ணெண்ணெய்க் கடையில் கிடந்த பிரதி என்று விலையைக் குறைத்தார். லத்தீப் மாஸ்டரின் அடிமட்டம் தட்டிக்கொண்டே இருந்தது.

எங்கள் முறை வந்தது. சிவஞானம் வேட்டி கட்டி, திருநீறு பூசி, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தகரப் பெட்டி. நான் இருபத்துநாலாம் இதழை இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் சிவப்புப் பட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒட்டுப் பிரிந்திருக்கிறதா என்று நகத்தால் தடவினார். பிறகு மாஸ்டரைப் பார்த்துத் தலையசைத்தார்.

"ஸரூக், சத்தியம் செய்ங்க" என்றார் மாஸ்டர்.

எழுந்து நின்றேன். படிக்கவில்லை, கேட்கவில்லை, எழுத்தில் அறியவில்லை. வல்லாஹி. குரல் கணீரென்று வந்தது. மேல்மாடி முழுவதும் கை தட்டியது. அந்தக் கைதட்டலை நான் எத்தனை நாள் நினைத்து ஏங்கியிருந்தேன்! தகரப் பெட்டி என் பக்கம் வந்தது. மூடியைத் திறந்தால் பூச்சி உருண்டை வாசம். முதலாம் இதழ், இரண்டாம் இதழ், மூன்றாம் இதழ்.

"இனி நான் முடிவ அறிஞ்சா குத்தமில்ல தானே மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"வித்தவனுக்கு இனிச் சட்டம் இல்ல" என்றார் அவர்.

சட்டைப்பையிலிருந்து கந்தப்பனின் கடிதத்தை எடுத்தேன். விஷயம் பரவிவிட்டது. சமையல்காரன் கட்சியும் டாக்டர் கட்சியும் பாயை மிதித்துக்கொண்டு என்னைச் சுற்றி வளைத்தன. சிவஞானம் "ஐயோ, சத்தமாகப் படிக்காதீங்க!" என்று அலறி, இருபத்துநாலாம் இதழை நெஞ்சோடு அணைத்து, இரண்டு காதையும் பொத்த முடியாமல் ஒரு காதை மட்டும் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடினார். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உறையைக் கிழித்தேன்.

'அன்புள்ள ஸரூக் நானாவுக்கு கந்தப்பன் எழுதிக்கொண்டது. கூடலூர்ப் பக்கம்னு சொன்ன தோட்டத்துல வேல இல்ல. எங்களுக்கு முன்ன வந்தவங்களே ரோட்டோரமா குந்தியிருக்காங்க. அங்க எங்கள யாருன்னும் கேக்கல. நாங்க கெளம்பி திருச்சிப் பக்கம் கல்லு ஒடைக்கிற எடத்துல இருக்கோம். மேல எழுதியிருக்குறதுதான் இந்த எடத்து விலாசம். தங்கச்சி பொறப்பட்டா கூடலூருக்குப் போகவே கூடாது. அங்க அவளுக்கு ஒரு ஆள் இல்ல. மண்டபம் கேம்புலயே இருக்கச் சொல்லுங்க. அவ கப்பல் ஏறுற தேதிய மட்டும் ஒரு தந்தி குடுத்தீங்கன்னா நானே போய்க் கூட்டிட்டு வந்துருவேன். தோட்டத்துக்கு எழுதினா ஆபீசுல கெடந்துரும், அதான் ஒங்களுக்கு எழுதுறேன். ஒங்க கையில கெடச்சா அன்னைக்கே சொல்லிருவீங்க. பொஸ்தகக் கடப் பக்கம் போகவே நேரமில்ல, கோவிச்சுக்காதீங்க.'

"ஆரு நானா? சமையல்காரனா?" என்று ஒருவன் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"டாக்டர்தானே? மொகத்தப் பாத்தாலே தெரியுது, டாக்டர்தான்!" என்றான் இன்னொருவன். பண்டாரவளைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள்.

நான் விரல்விட்டு எண்ணினேன். பாக்கியலெட்சுமி போய் இருபத்தொரு நாள் ஆகியிருந்தது. என் எழுத்தில் எழுதிய கடதாசியை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

தகரப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுத் தபால் கந்தோருக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை, பூட்டு. கதவைத் தட்டினேன். உள்ளே யாருமில்லை. மழையில் நின்றேன். குடை விற்கிறவன், கையில் ஒரு குடைகூட இல்லாமல். அடுத்த நாள் காலையில் கந்தோர் திறக்குமுன்பே போய் நின்று, கந்தப்பனுக்குத் தந்தி அடித்தேன். 'தங்கை மார்ச் பதினாறு புறப்பட்டாள். கூடலூர் போய்விட்டாள். உடனே தேடு.' கவுண்டரில் இருந்தவர் தேதியைப் பார்த்துவிட்டு, "இது போன மாசத் தேதி, சரிதானா?" என்று கேட்டார். சரிதான் என்றேன். ஹம்ஸியாவிடம் சொன்னபோது அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தகரப் பெட்டியை லத்தீப் மாஸ்டர் கடைக்குக் கொடுத்தனுப்பினார். அறுபது இதழில் ஒன்றையும் நான் எடுத்துப் படிக்கவில்லை. சிவஞானமும் முத்திரையை உடைக்கவில்லையாம். கொழும்பில் ஒருவர் கேட்கிறாராம்.

ஆனி மாதம் கந்தப்பனின் இரண்டாவது கடிதம் வந்தது. தபால்காரன் கையிலிருந்து வாங்கிய இடத்திலேயே, வாடிக்கையாளர் இருவர் பார்த்துக்கொண்டிருக்க, பிரித்தேன்.

'நானாவுக்கு, தங்கச்சி கெடச்சிட்டா. ஒங்க தந்திய வச்சுத்தான் தேடிப் போனேன், அதுக்குக் கோடி புண்ணியம். அந்தத் தோட்டத்துல உள்ளயே விடல. பஸ் ஸ்டாண்டுல படுத்துக் கெடந்திருக்கா. ஒரு சாப்பாட்டுக் கடையில ஏனம் கழுவிக்கிட்டு இருந்தா, நான் போறப்ப. சின்னதுக்குக் கடுங்காச்ச வந்து இப்பத் தேவல. ஒரு காது மட்டும் இனிமே கேக்காதுன்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க. நான் மாசியில போட்ட கடுதாசி ஒங்களுக்கு ரொம்ப லேட்டா வந்திருக்கு போல. தங்கச்சிகிட்ட கேட்டேன். கோச்சி ஏறுற வரைக்கும் மொதலாளிக்கு ஒரு கடுதாசியும் வரலண்ணே, வந்திருந்தா அவரு சொல்லாம இருப்பாரான்னு சொன்னா. தபால்காரன் பண்ணுன வேல, நாம என்ன செய்றது.'

அந்தக் கடைசி வரிகளை இன்னொரு தடவை வாசித்தேன். ஸ்டேஷனில் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அவள் கேட்டாள். கடிதம் வந்தது, கடையில் இருக்கிறது, உடைக்கவில்லை. பஸ் நிலையத்தில் காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எத்தனையோ இரவு படுத்திருந்தபோது அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். விளங்கியும் அண்ணனிடம் பொய் சொல்லியிருக்கிறாள். அவனுக்கு இந்த மண்ணில் மிஞ்சியிருந்த ஒரே சிநேகிதன் நான் என்பதற்காக. நாற்பத்து மூன்று பேருக்கு முன்னால் உண்மையாகச் சத்தியம் பண்ணிக் கைதட்டு வாங்கிய நான், அந்தப் பொய்க்கு முன்னால் கூனிக் குறுகிப்போனேன்.

அன்றைக்கே பதில் எழுதினேன். உன் கடிதம் மாசி இருபத்தாறாம் திகதியே வந்தது. நான் பிரிக்கவில்லை. தங்கச்சி கேட்டாள், அப்போதும் நான் பிரிக்கவில்லை. ஏன் என்றும் எழுதினேன். எழுதும்போது அந்தக் காரணம் கடதாசியில் எவ்வளவு அசிங்கமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பிள்ளையின் வைத்தியத்துக்கு என்ன வேண்டுமானாலும் கேள் என்று முடித்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு மாதத்தில் கையெழுத்துப் போட்ட அட்டை திரும்பி வந்தது. கந்தப்பனுடைய அதே குண்டு எழுத்து. கடிதம் அவன் கைக்குப் போய்விட்டது.

பதில் வரவில்லை. ஒரு வருடம் பார்த்தேன், இரண்டு வருடம் பார்த்தேன். தபால்காரனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.